வேலூரில் மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணி வட்டாரத்தில் மாதம் தவறாமல் வாங்கும் மளிகை, காய்கறி, எண்ணெய், கறி ஆகியவற்றைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும் இவை. விலை தினமும் மாறுவதால், தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறையைத்தான் பெரும்பாலும் சொல்லியிருக்கிறோம். "என்று வைத்துக்கொள்வோம்" என்று வரும் இடங்களில் உள்ள விலைகள் கணக்குக்காக மட்டும்; அங்கே உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாதா மாதம் லிஸ்ட் எழுதித்தான் வாங்குகிறோம். அப்படியும் பணம் நிற்பதில்லையே, ஏன்?

லிஸ்டில் இருக்கும் பொருளால் பணம் கரைவது குறைவு. மாத மளிகை முடிந்த பிறகு தெருமுனைக் கடைக்கு "ஒரு கால் கிலோ சர்க்கரை, ஒரு பாக்கெட் எண்ணெய்" என்று போய்வருகிறோமே, அங்கேதான் கரைகிறது. ஒரு மாதம் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா ஒரு பக்கம். காய், பால், முட்டை, கறி ஒரு பக்கம். பிஸ்கட், நொறுக்குத் தீனி, சோப்பு, பவுடர் மூன்றாவது பக்கம். பல வீடுகளில் மூன்றாவது பக்கம் முதல் பக்கத்தை எட்டிப் பிடிக்கும். அதைக் குறைக்காமல் பருப்பில் 5 ரூபாய் பேரம் பேசிப் பயனில்லை.

இன்னொன்று, கடைக்காரர் சொல்லும் கிலோ விலையை மட்டும் பார்ப்பது. தோல், காம்பு, கொட்டை, எலும்பு, அழுகல், வண்டு எல்லாம் போக அடுப்புக்கு வரும் கிலோவுக்கு என்ன விலை ஆகிறது என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்தக் கணக்குதான்.

எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால் மலிவாகுமா?

ஆகாது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய், தனியா போன்றவற்றுக்கு மண்டித் தெரு, லாங்கு பஜார் பக்கம். காய்கறிக்கு உழவர் சந்தை, இல்லையென்றால் நேதாஜி மார்க்கெட். சோப்பு, பேஸ்ட், டிடர்ஜென்ட் மாதிரி அச்சிட்ட விலையில் தள்ளுபடி கிடைக்கும் பொருளுக்கு சூப்பர் மார்க்கெட் அல்லது கூட்டுறவுப் பண்டகசாலை. அவசரத்துக்குத் தெருக்கடை. இந்த நான்கையும் பிரித்துக்கொண்டாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே பாருங்கள். பாகாயத்திலிருந்தோ சத்துவாச்சாரியிலிருந்தோ ஆட்டோவில் போய் 5 கிலோ பருப்பு வாங்கி வந்தால் மிச்சம் ஆட்டோவுக்கே போய்விடும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. கனமான அரிசி மூட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும் கடையில் வாங்கிக்கொண்டு, மற்றதை மாதம் ஒரு முறை பஸ்ஸில் போய் வாங்கி வருவது நல்ல ஏற்பாடு.

உழவர் சந்தையில் உண்மையிலேயே விலை குறைவா? எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

குறைவுதான். 1999-ல் தொடங்கிய திட்டம் இது. விவசாயிகளே அடையாள அட்டையோடு நேரடியாக விற்கிறார்கள். அன்றன்றைய மொத்த விலை, சில்லறை விலை இரண்டையும் பார்த்து, வேளாண் வணிகத் துறைக்காரர்கள் காலையில் விலை வைத்துப் பலகையில் எழுதுகிறார்கள். மண்டி விலைக்கு மேல் 20 சதவீதம் வரை, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே 15 சதவீதம் வரை என்பதுதான் அடிப்படை. வேலூரில் டோல்கேட், காகிதப்பட்டறை, அப்புறம் காட்பாடி, குடியாத்தம் என்று பல இடங்களில் இருக்கிறது.

உள்ளே போனதும் முதலில் விலைப் பலகையைப் பாருங்கள். பலகை விலைக்கு மேல் கேட்டால் சந்தை அலுவலகத்திலேயே சொல்லலாம். தரமான காய் வேண்டுமென்றால் விடிந்ததும் போய்விட வேண்டும். 9 மணிக்கு மேல் பொறுக்கி எடுத்த மிச்சம்தான் இருக்கும். ஆனால் அன்றே சமைக்கப்போகும் கீரை, தக்காளிக்கு முடியும் நேரத்தில் போனால் விலை இறங்கியிருக்கும், ஏனென்றால் அவற்றை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக விவசாயிக்கு விருப்பமிருக்காது.

நம் ஊர்க் காயைக் கேட்டு வாங்குங்கள். அணைக்கட்டு பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொத்சுவுக்கும் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்கும் அதன் சதை தனி. காம்பு தவிர வீணாவதும் கிடையாது. அதுவே பச்சைப் பட்டாணியை எடுத்துக்கொண்டால், தோலோடு 1 கிலோ வாங்கினால் உரித்து வருவது 450 கிராம் சுமார். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உரித்த பட்டாணி 133 ரூபாய் ஆகிறது. காலிஃபிளவரில் இலையும் தண்டும் போனால் பாதிதான். அவரை, வெண்டை, கோவைக்காய், சுரைக்காய் எல்லாம் கொடுத்த காசுக்கு முழுதாகச் சட்டிக்கு வருபவை.

ரேஷனில் எதை விடாமல் வாங்க வேண்டும்?

துவரம் பருப்பையும் பாமாயிலையும். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் பாக்கெட் 25 ரூபாய். வெளியே துவரம் பருப்பு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு கிலோவிலேயே 90 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 1,000 ரூபாயைத் தாண்டுகிறது. "கியூ நிற்க வேண்டுமே" என்று விடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். சர்க்கரை கிலோ 25 ரூபாய், ஆளுக்கு அரை கிலோ வீதம் அட்டைக்கு 2 கிலோ வரை. அந்தியோதயா அட்டைக்கு அரிசி 35 கிலோ. சர்க்கரை அட்டைக்கு அரிசி கிடையாது; வேண்டுமென்றால் அட்டை வகையை மாற்ற விண்ணப்பிக்கலாம்.

மாத ஆரம்பத்தில் போனால் பருப்பு வந்திருக்காது, மாதக் கடைசியில் போனால் தீர்ந்திருக்கும் என்பதுதான் பெரும்பாலோர் புகார். கடையில் லோடு இறங்கும் நாளை விற்பனையாளரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்காத பொருளை வாங்கியதாக போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தால் சும்மா விடாமல் 1967-க்குச் சொல்லுங்கள்.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் மாதிரி சில அரிசி மிதக்கிறதே?

அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் பிழிந்தெடுத்து, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும். பொறுக்கிப் போட வேண்டாம். கழுவும்போது அது தண்ணீரோடு போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரேஷன் புழுங்கலரிசியைச் சோறாகச் சாப்பிடப் பிடிக்காதவர்கள் இட்லிக்குப் பயன்படுத்தலாம். நன்றாகக் கல் பொறுக்கி, 4 தண்ணீர் கழுவி, 5 மணி நேரம் ஊறவைத்தால் இட்லி அரிசிக்கு ஈடாக வரும். வாடை வந்தால் ஊறவைத்த தண்ணீரில் அரைக்காதீர்கள். புதுத் தண்ணீர் விட்டு அரையுங்கள்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது? எது லாபம்?

2022 ஜூலை 18 முதல், பெயர் போட்டுப் பொட்டலமிட்ட 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. 25-ஐத் தாண்டினால் அந்த வரி இல்லை. அதனால்தான் ஆரணி, களம்பூர் ஆலைகள் உட்பட எல்லாரும் 26 கிலோ மூட்டைக்கு மாறினார்கள். எனவே மூட்டை விலையை 26-ஆல் வகுத்துப் பாருங்கள், 25-ஆல் அல்ல. 26 கிலோ 1,500 ரூபாய் என்றால் கிலோ 57.70. அதே ரகம் 10 கிலோ பை 620 என்றால் கிலோ 62. நான்கு பேர் வீட்டில் மூட்டை ஒரு மாதத்தில் தீரும் என்றால் மூட்டையே வாங்குங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மூன்று மாதம் கிடந்து வண்டு பிடித்தால் அந்த மிச்சம் காணாமல் போகும். பக்கத்து வீட்டோடு பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பழைய அரிசியா புது அரிசியா என்பதுதான் இதைவிடப் பெரிய விஷயம். அறுத்து அரைத்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆன அரிசி தண்ணீரை நன்றாக இழுக்கும். ஒரு டம்ளருக்கு 3 டம்ளர் தண்ணீர், சோறு உதிரியாக, நிறையக் காணும். புது அரிசிக்கு 2, 2½ டம்ளர் போதும், மீறினால் குழையும். சோறு அளவிலும் குறைவு. கிலோவுக்கு 4, 5 ரூபாய் கூடுதல் கொடுத்துப் பழைய அரிசி வாங்குவது பெரும்பாலும் நஷ்டமாகாது. நாலு அரிசியைக் கடித்துப் பாருங்கள்: பழையது 'கடக்' என்று உடையும், லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். புதியது பல்லில் ஒட்டும். பை மேலே எழுதியிருக்கும் "பழையது" என்ற எழுத்தை மட்டும் நம்பாமல், ஒரு கிலோ சில்லறையாக வாங்கி வடித்துப் பார்த்துவிட்டு மூட்டைக்குச் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஊரில் அரிசிக் கடைக்குப் பஞ்சமில்லை.

எண்ணெய் பாக்கெட்டில் எப்படி ஏமாறுகிறோம்?

பாக்கெட்டின் உருவத்தைப் பார்த்து. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை 910 கிராம் சுமார். 850 மில்லி, 800 கிராம், 750 கிராம் என்று வரும் பாக்கெட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு லிட்டர் போலவே இருக்கும். ஒன்றை கிராமிலும் இன்னொன்றை மில்லியிலும் போட்டிருந்தால் இரண்டையும் கிராமுக்கு மாற்றி வகுத்துப் பாருங்கள். 750 கிராம் பாக்கெட் 125 ரூபாய் என்றால், முழு லிட்டருக்கு 152 ரூபாய் ஆகிறது. 145 ரூபாய் லிட்டர் பாக்கெட்டே மலிவு.

பின்பக்கம் சின்ன எழுத்தில் 'கலப்பு எண்ணெய்' என்று இருக்கிறதா பாருங்கள். முன்பக்கம் கடலைப் படம் போட்டு, உள்ளே பாதிக்கு மேல் வேறு எண்ணெய் இருக்கும்.

செக்கு எண்ணெய் கட்டுபடியாகுமா? மலிவாகக் கிடைக்கும் செக்கு எண்ணெயை நம்பலாமா?

கணக்கே பதில் சொல்லும். மல்லாட்டைப் பயிறு (நிலக்கடலை) நம் பக்கத்து விளைச்சல். உரித்த பயிறு 2½ கிலோ ஆட்டினால் 1 லிட்டர் எண்ணெயும் 1.4 கிலோ சுமார் புண்ணாக்கும் வரும். பயிறு கிலோ 130, ஆட்டுக் கூலி கிலோவுக்கு 20, புண்ணாக்கு கிலோ 40 என்று வைத்துக்கொள்வோம். பயிறுக்கு 325, கூலி 50, ஆக 375. புண்ணாக்கில் 56 திரும்பி வருகிறது. கைக்கு அடக்கம் 320 ரூபாய். அப்படியிருக்க ஒருவர் "சுத்தமான செக்குக் கடலெண்ணெய்" என்று 200 ரூபாய்க்குக் கொடுத்தால் அது கடலெண்ணெயாக இருக்க வாய்ப்பில்லை. அந்த வாரத்துப் பயிறு விலையை 2½-ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. கொப்பரைக்கு இதே கணக்கு லிட்டருக்கு 1.7 கிலோ சுமார்.

சொந்தமாக ஆட்டக் கொடுப்பதென்றால் 10 கிலோவாவது கொண்டுபோங்கள். 3, 4 கிலோ போட்டால் செக்கில் ஒட்டிக்கொள்வதே கணிசமாகப் போகும். பயிற்றை முன்னால் இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் குறையும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும். பூசணம் பிடித்த, சுருங்கிய, கறுத்த பயிற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் உருவாகும் நச்சு வடிகட்டினால் போகாது. ஆட்டிய எண்ணெயை 3, 4 நாள் பாத்திரத்தில் வாய்க்குத் துணி கட்டி வெயிலில் தெளியவைத்து, அடிமண்டியை விட்டு மேலே இருப்பதை மட்டும் ஊற்றி வையுங்கள்.

எல்லாச் சமையலுக்கும் செக்கு எண்ணெய்தான் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. தாளிக்கவும் ஊறுகாய்க்கும் செக்கு, வடை பஜ்ஜிக்கு ரீஃபைண்டு அல்லது ரேஷன் பாமாயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்டுகிறது என்றால், சிக்கனம் வேண்டியது விலையில் இல்லை, பொரிக்கும் எண்ணிக்கையில்.

புளி, மிளகாய், தனியா எந்த மாதம் வாங்குவது?

மாசி, பங்குனி. புதுப் புளி, குண்டூர் மிளகாய், தனியா எல்லாம் அந்தச் சமயத்தில்தான் மண்டிக்கு இறங்கும். வெயிலும் அடித்துக் காயும். நான்கு பேர் வீட்டுக்கு வருடத்துக்கு 8 முதல் 10 கிலோ கொட்டை நீக்கிய புளி போதும்.

ஜவ்வாது மலைப் பக்கமிருந்து வரும் புளியை ஓடு நீக்கிக் கொட்டையோடு விற்பார்கள். அதில் 1 கிலோவுக்குச் சதை 600 கிராம் சுமார், மிச்சம் கொட்டையும் நாரும். கொட்டைப் புளி 100 ரூபாய் என்றால் சதை கிலோ 167 ரூபாய்க்கு வருகிறது. கொட்டை எடுத்த புளி 170-க்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 3 ரூபாய்க்காக இடுப்பு வலிக்க உட்கார்ந்து தட்ட வேண்டியதில்லை. 220 சொன்னால் தட்டலாம். வாங்கியதை இரண்டு நாள் வெயிலில் காட்டி, ஆறியபிறகு அடுக்கடுக்காகக் கல் உப்பு தூவி, ஜாடியில் அழுத்தி வையுங்கள். வருடக் கடைசியில் கறுக்கும். அது கெட்டது அல்ல. பூசணம் பூத்தால்தான் கெட்டது, அதற்குக் காரணம் ஈரக் கை.

மிளகாய் வாங்கும்போது கையில் எடுத்துக் குலுக்குங்கள். விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். வளைகிறது, ஒடியவில்லை என்றால் ஈரம். எடையில் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள், பத்து நாளில் பூசணமும் பிடிக்கும். வெளுத்த மிளகாய் மலிவாக வரும், வாங்காதீர்கள். நிறத்துக்கு இரண்டு பங்கு போட வேண்டியிருக்கும்.

குழம்பு மிளகாய்த்தூள் அரைப்பதில் மிச்சம் உண்டா? எந்த அளவு?

உண்டு, அதுவும் நல்ல மிச்சம். ஒரு அளவு: காய்ந்த மிளகாய் 1 கிலோ, தனியா 1¼ கிலோ, துவரம் பருப்பு 100 கிராம், கடலைப் பருப்பு 100, சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, விரலி மஞ்சள் 100. மிளகாய், தனியா, மஞ்சளை மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்து, மற்றதை எண்ணெய் இல்லாமல் லேசாக வறுத்து, எல்லாம் ஆறியபிறகு மெஷினுக்குக் கொண்டுபோங்கள். உங்களுக்கு முன்னால் மெஷினில் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். கேழ்வரகு மாவு அரைத்திருந்தால் முதல் இரண்டு கை மாவைத் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தவறு நடப்பது வீட்டுக்கு வந்தபிறகு. மெஷினிலிருந்து தூள் சுடச்சுட வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்து, கட்டி கட்டி, அடியில் பூசணம் பிடிக்கும். பேப்பரில் பரப்பி இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, ஒரு முறை சலித்து அடையுங்கள். வருடத்துக்குச் சேர்த்து அரைக்காதீர்கள். மிளகாயாகவே வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைத்தால் நிறமும் வாசனையும் குறையாது.

வண்டு, செல்லு வராமல் எப்படி வைப்பது?

வண்டு வெளியிலிருந்து வருவதைவிட, மூட்டைக்குள் முட்டையாகவே வருவதுதான் அதிகம். வேலூர் வெயிலில் அது சீக்கிரம் பொரிகிறது. அதனால் பழைய அரிசி டப்பாவின் அடியில் இருக்கும்போதே மேலே புதியதைக் கொட்டுவதை முதலில் நிறுத்துங்கள். டப்பாவைத் துடைத்து வெயிலில் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். காய்ந்த வேப்பிலை, காய்ந்த மிளகாய் போடுவது ஓரளவு உதவும். அரிசியை வெயிலில் காட்டாதீர்கள், நொறுங்கிக் குறுணையாகும். நிழலில் பரப்பிப் புடைத்தால் போதும். பருப்பை வெயிலில் காட்டலாம். ரவையை வாங்கியவுடன் வறுத்து ஆறவைத்து அடையுங்கள். மைதா, கடலை மாவை ஃபிரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும்.

தக்காளி விலை ஏன் இப்படி ஆடுகிறது? மலிவாக இருக்கும்போது என்ன செய்யலாம்?

நமக்குத் தக்காளி பெரும்பாலும் ஆந்திராவின் பலமநேர், மதனப்பள்ளி, வி.கோட்டா பக்கமிருந்தும் கர்நாடகத்தின் கோலார் பக்கமிருந்தும் வருகிறது. அங்கே மழையோ நோயோ வந்தால் அடுத்த நாளே இங்கே ஏறும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். விலை ஏறிய வாரத்தில் புளி, மாங்காய், தயிரில் குழம்பு வையுங்கள். இறங்கிய வாரத்தில் 14, 15 கிலோ பெட்டியாக எடுத்து மூன்று வீட்டுக்குப் பிரியுங்கள். பழுத்தது, அரைப்பழம், செங்காய் என்று பிரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒற்றை வரிசையாகப் பரப்பினால் செங்காய் பத்து நாள் வரும். செங்காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், பழுக்காமல் சுவை செத்துப்போகும்.

தொக்குக்கு: தக்காளி 5 கிலோ, புளி 150 கிராம், உப்பு 150, மிளகாய்த்தூள் 150, நல்லெண்ணெய் 300 மில்லி, பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம், கடுகு. சுண்டிச் சுண்டி 1½ கிலோ சுமாருக்கு வரும்வரை கிளற வேண்டும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றாலே இறக்கலாம். தண்ணீர் மிச்சமிருக்கும்போது இறக்கினால் ஒரு வாரத்தில் நுரைத்துவிடும்.

வெங்காயம்?

ஏப்ரல், மே மாதம் வரும் வெங்காயம் நன்றாகக் காய்ந்தது, வைத்தால் நிற்கும். 10 கிலோ வாங்கி, சாக்கிலோ கூடையிலோ காற்றோட்டமாக வையுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்க்க வேண்டாம். மழைக்காலத்தில் வரும் புது வெங்காயம் மலிவாக இருந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் வாங்காதீர்கள்.

இட்லி மாவு கடையில் வாங்குவது செலவா?

1 கிலோ அரிசிக்கு 250 கிராம் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டால் 2¾ முதல் 3 கிலோ வரை மாவு வரும். அரிசி, உளுந்து, கரண்ட் எல்லாம் சேர்த்த செலவை 3-ஆல் வகுத்துக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரேஷன் அரிசி போடும் வீட்டில் உளுந்துச் செலவு மட்டும்தான். கடை மாவில் தண்ணீர் அதிகம் என்பதையும் கணக்கில் சேருங்கள்: அதே ஒரு கிலோவில் இட்லி எண்ணிக்கை குறையும்.

கோழி, ஆடு, மீன், முட்டை வாங்குவதில் கணக்கு என்ன?

பிராய்லர் கோழியை உயிர் எடைக்கு வாங்கினால் தோல் நீக்கி வருவது மூன்றில் இரண்டு பங்கு. உயிர் எடை கிலோ 130 என்றால் 2 கிலோ கோழி 260 ரூபாய், கறி 1.35 கிலோ; ஆக கறி கிலோ 193. வெட்டிய கறியை 200-க்குக் கொடுத்தால் இரண்டும் ஒன்றுதான், 240 என்றால் உயிர்க் கோழி லாபம்.

புரட்டாசியில் பலர் அசைவம் நிறுத்துவதால் கோழியும் முட்டையும் இறங்கும், காய்கறி ஏறும். விரதம் இல்லாதவர்களுக்கு அது வாங்கும் மாதம். மீனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம். அந்த 61 நாளில் கடல் மீனைத் தேடாமல் ஏரி, அணை மீன் வாங்குங்கள், அல்லது தடைக்கு முன்பே கருவாடு எடுத்து வையுங்கள். மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளுக்கு ஆட்டுக்கறியின் பாதி விலைக்குள் முடிந்துவிடும். முட்டையை 30 முட்டை அட்டையாக வாங்குவதே மலிவு.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவா?

இல்லை. ஷாம்புவில் பல நேரம் சாஷேதான் மில்லி கணக்கில் மலிவு. பாக்கெட்டில் கிராமுக்கு, மில்லிக்கு என்ன விலை என்று 'அலகு விலை' அச்சிட வேண்டும் என 2021-ல் பொட்டலப் பொருள் விதியைத் திருத்தினார்கள். எம்.ஆர்.பி. பக்கத்திலேயே சின்னதாக இருக்கும். அதைப் பார்த்தால் வகுக்கும் வேலையே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமானது. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. பழைய விலை ஸ்டாக்கை யாராவது தள்ளிவிட்டால் கேளுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் "கூலிங் சார்ஜ்" கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எடை சரியா என்று எப்படித் தெரியும்?

கையில் பிரிக்காத 1 கிலோ தூள் உப்புப் பாக்கெட் ஒன்று இருந்தால் போதும். தராசில் வைக்கச் சொல்லுங்கள். உறையோடு சேர்த்து 1 கிலோவுக்குச் சில கிராம் மேலே காட்ட வேண்டும். எடை போடும் முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொரு வருடமும் முத்திரை போட வேண்டும். குறை எடை என்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். தெருவில் 'கூறு' கட்டி விற்பதை ஒருமுறையாவது வீட்டில் நிறுத்துப் பாருங்கள்.

தீபாவளி மளிகைச் சீட்டு கட்டலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். "மாதம் 500 கட்டு, தீபாவளிக்கு மளிகையும் பட்டாசும் வெள்ளிக் காசும் தருகிறோம்" என்ற சீட்டுகளில் வடஆற்காடு முழுக்கப் பணம் இழந்தவர்கள் ஏராளம். தருகிறேன் என்று சொல்லும் பொருளின் மதிப்பு, கட்டும் பணத்தைவிட மிக அதிகமாக இருந்தால் அது அடுத்த ஆள் கட்டும் பணத்திலிருந்துதான் வர முடியும். ஆள் சேர்வது நின்றால் கடை பூட்டிவிடும். ஒழுங்குபடுத்தப்படாத இப்படிப்பட்ட வைப்புத் திட்டங்களை 2019-ன் மத்தியச் சட்டம் தடை செய்கிறது, ஆனால் போன பணத்தை வழக்குப் போட்டு மீட்பது நெடுங்காலம் இழுக்கும்.

அதே 500 ரூபாயை வங்கியில் ஒரு வருட ஆர்.டி.யாகப் போட்டால், 6.5 சதவீத வட்டிக்கு 6,210 ரூபாய் சுமார் வரும். அந்தப் பணத்தோடு தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே மண்டித் தெருவுக்குப் போங்கள். கடலைப் பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் கடைசி வாரத்து விலை ஏற்றத்துக்கு முன்னால் கைக்கு வரும், என்ன பிராண்டு, எவ்வளவு என்பதும் உங்கள் விருப்பம்.

தெருக்கடையில் கணக்கு நோட்டு வைத்து வாங்குகிறோம். நிறுத்தலாமா?

கையில் பணமில்லாத வாரத்தில் அரிசி கொடுத்தவர் அவர். முழுதாக வெட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் நோட்டுக்கு வாங்கும்போது விலை கேட்க வாய் வராது, அங்கேதான் கூடுதல் போகிறது. நோட்டுக்குப் பால், தயிர், அவசரச் சாமான் மட்டும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் உங்கள் கையிலும் ஒரு சின்ன நோட்டில் தேதி, பொருள், விலை எழுதி, வாரக் கடைசியில் இரண்டையும் ஒத்துப்பார்த்துத் தீர்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கலாமா?

டயப்பர், டிடர்ஜென்ட் மாதிரி பெயர் பெற்ற பொருளுக்குத் தள்ளுபடி இருந்தால் வாங்கலாம். டெலிவரி, ஹேண்ட்லிங் கட்டணத்தைச் சேர்த்த கடைசித் தொகையைப் பாருங்கள். இலவச டெலிவரிக்காக 199-ஐ எட்ட ஒரு சிப்ஸ் பாக்கெட் சேர்ப்பது மிச்சம் அல்ல.

சிறுதானியம் சாப்பிட்டால் செலவு கூடுமா?

சாமை, தினை, வரகு தீட்டித் தோல் நீக்க வேண்டியிருப்பதால் அரிசியைவிட விலை அதிகம். கேழ்வரகு அப்படியில்லை, அப்படியே மெஷினில் அரைக்கலாம். முழுக் கேழ்வரகாக வாங்கி, கழுவிக் காயவைத்து, 3 கிலோவாக அரைத்தால் பாக்கெட் மாவைவிட நன்றாகவே விலை குறையும். வாரத்தில் இரண்டு ராத்திரி களியும் கீரைக் குழம்பும் என்று வைத்தால் அரிசி மூட்டை இன்னும் சில நாள் கூடுதலாக வரும். மாவை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், கசக்க ஆரம்பித்துவிடும்.